சட்டம் தெரு வழியே – 17: வண்டி எந்தப் பிரிவில் போனது?

போன வாரம் சலான். இந்த வாரம், சலானோடு வண்டியும் சேர்ந்து போய்விட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

நிறுத்திய இடத்தில் கார் இல்லையென்றால் திருட்டு என்றுதான் முதலில் மனம் பதறும். பக்கத்து டீக்கடையிலும் ஏ.டி.எம். காவலாளியிடமும் விசாரியுங்கள். டோயிங் வண்டி வந்துபோயிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். தகவல் இல்லையா, போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தவணை பாக்கி உள்ளவர்கள் ஃபைனான்ஸ் கம்பெனியையும் கேட்டுவிடுவது நல்லது. எங்கும் இல்லையென்று தெரிந்தால் அன்றே புகார் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வண்டி போலீஸிடம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், எந்தப் பிரிவில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு என்றால் விஷயம் சின்னது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நின்ற வண்டியையும் அகற்றவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ அந்தப் பிரிவு இடம் தருகிறது. சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அதற்கு உத்தரவிட வேண்டும். இழுத்துப்போன செலவும் உரிமையாளர் தலையில்தான், அபராதம் தனி. கட்டி, ரசீது வாங்கி, ஓட்டி வந்துவிடலாம்.

207-ஆம் பிரிவு அடுத்த படி. லைசென்ஸ், பதிவு, பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டிகளைப் பிடித்து வைப்பது இதன்கீழ்தான். போக்குவரத்துத் துறையிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ ஆவணங்களைக் காட்டி மனுக் கொடுக்க வேண்டும்.

வண்டி குற்ற வழக்கில் சிக்கினால்தான் பாடு. காவல் நிலையத்துச் சுவரோரம் புல் முளைத்துக் கிடக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அப்படிக் கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிடிபட்ட வண்டியை நிலையத்தில் நெடுநாள் வைத்திருப்பதில் பயனில்லை. படம் எடுத்து, விரிவான மகஜர் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு மாஜிஸ்திரேட் விடுவிக்கலாம். யாரும் உரிமை கோராத வண்டியை ஏலம் விடலாம். அந்த உத்தரவும், வண்டி கோர்ட்டில் ஆஜரான ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். இந்தத் தீர்ப்பு பிறந்த கதைதான் வேடிக்கை. வண்டியைப் பறிகொடுத்த யாரோ போட்ட வழக்கு அல்ல அது. காவலில் இருந்த வழக்குச் சொத்துகளை மாற்றி வைத்ததாகவும் கையாடியதாகவும் குற்றம் சாட்டப்பட்ட குஜராத் போலீஸ்காரர்களின் வழக்கு!

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னும் கறாராக நாள் குறிக்கிறது. அதன் 497-ஆம் பிரிவின்படி, சொத்து முன்வைக்கப்பட்ட 14 நாளில் கோர்ட் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்துப் படமும் எடுக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளில் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். விசாரணையில் அந்தப் படமே சாட்சியம். வண்டி துருப்பிடித்துக் காத்திருக்கத் தேவையில்லை. சட்டம் இவ்வளவு சொன்னாலும், நீங்கள் மனுப் போடாமல் ஒரு சக்கரமும் உருளாது என்பதுதான் நடைமுறை.

விபத்து வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். மணல், மது, வனம் என்று ஒவ்வொன்றுக்கும் பறிமுதல் விதிகள் தனித்தனி. அங்கே வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள். போதைப்பொருள் வழக்கென்றால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்பார்கள். அப்படியில்லை. அஸ்ஸாம் லாரி உரிமையாளர் பிஸ்வஜித் தே தொடுத்த வழக்கில், இடைக்காலமாக விடுவிக்கப் போதைப்பொருள் சட்டத்தில் தடை ஏதுமில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடனில் வாங்கிய அந்த லாரிதான் அவருக்குப் பிழைப்பே.

மனுவோடு எஃப்.ஐ.ஆர்., மகஜர் நகல்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் கேட்க வேண்டும் என்பதில் செகண்ட் ஹாண்ட் கார் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கி 30 நாளில் பெயர் மாற்ற விண்ணப்பிக்கச் சட்டம் சொல்கிறது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்கள், பழைய உரிமையாளரைத் தேடி ஊர் ஊராக அலைய நேரும். உத்தரவு கிடைத்தாலும் விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்டபோது கொண்டுவர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

சாவியை வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மகஜர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, ஸ்டீரியோ எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறைந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.