வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசிப் பக்கம் காய்ச்சலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் இதைச் செய்யவே கூடாது.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. செங்கோட்டைக்கு அப்பால், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இவ்வகை வால்வுகள் எத்தனையோ உயிர்களைக் காக்கின்றன. ஆனால் எந்தச் செயற்கை வால்விலும் கிருமி ஒட்டிக்கொள்ளலாம்.

பெரும்பாலும் அது பாக்டீரியா. மிகச் சிலருக்குத்தான் பூஞ்சை. கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் இரண்டும் அதில் முக்கியம். வால்வு ஆபரேஷன் ஆனவர்கள், ஐ.சி.யூ.வில் பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாயோடு வெகுநாள் கிடந்தவர்கள், நீண்டகாலம் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை கொடுத்தும் ஏறத்தாழப் பாதிப் பேரைக் காப்பாற்ற முடிவதில்லை.

ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே ரத்தக் கல்ச்சர். ஆஸ்பெர்ஜில்லஸ் அதில் பெரும்பாலும் வளர்வதே இல்லை. அப்போது ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோதான் துப்புக் கொடுக்கிறது. வால்வில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும் கட்டி திரையில் தெரியும். பூஞ்சைக் கட்டி பெரிதாக வளரக்கூடியது. துண்டு பிய்ந்தால் மூளைக்கோ காலுக்கோ போகும் ரத்தக்குழாயை அடைத்துவிடும். திடீரென ஒரு கால் வலித்துச் சில்லிட்டுப் போவதே சிலருக்கு முதல் அறிகுறி.

மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ, செயற்கை வால்வுத் தொற்றில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிடும். வால்வின் உலோகம் நிழல் விழுத்திப் பின்னால் உள்ளதை மறைக்கிறது. அதனால் தொண்டையில் மரத்துப்போக மருந்தடித்து, வளையும் மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்குவார்கள். இதயத்தின் இடது மேலறை அதை ஒட்டியே இருப்பதால் விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கிடாமல் படம் தெளிவாகக் கிடைக்கும். கட்டி பூஞ்சையா பாக்டீரியாவா என்பதை எக்கோ உறுதிசெய்யாது. அது ஆய்வகத்தின் வேலை.

வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். எக்கோ நார்மல் என்று வந்தும் சந்தேகம் நீங்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். வால்வு விவரச் சீட்டைக் கையோடு கொண்டுபோய், உணவுக்குழாய் வழி எக்கோ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வசதி இல்லாத இடத்தில் நாள் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.