பிடரியில் ஒரு கை

ஒரு கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். உடம்பு இருக்கையை விட்டுக் கிளம்பும் முன்பே கழுத்து இறுகித் தலையைப் பின்னுக்கு இழுப்பது பலருக்கு விரலில் தட்டுப்படும். எழுவதற்குக் கால்கள் போதும். கழுத்துக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை.

இந்தச் சின்ன இழுப்பைப் பிடித்தவர் ஒரு மேடைக் கலைஞர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாத் தீவில் 1869இல் பிறந்த ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர். ஷேக்ஸ்பியர் வசனங்களைத் தனியாக நின்று சொல்வது அவர் தொழில். அதில் அடிக்கடி தொண்டை கட்டிக்கொண்டது. பேசாமல் ஓய்வெடுத்தால் சரியாகும். மேடையேறினால் மறுபடி கட்டும். அப்படியானால் பேசும்போது நான்தான் ஏதோ செய்கிறேன் என்று கண்ணாடி முன் நின்றார். வாய் திறக்கும்போதெல்லாம் தலை பின்னுக்குப் போய்க் குரல்வளை அமுங்கியது. திருத்திக்கொண்டோம் என்று நம்பிப் பேசினார். கண்ணாடி பழையதையே காட்டியது. நிமிர்ந்திருக்கிறாய் என்று உடம்பு சொல்வதை நம்ப முடியாது என்பதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்பேன். வருஷக்கணக்காகக் கூனிப் பழகியவருக்குக் கூனல்தான் நேராகத் தெரியும்.

அதனால்தான் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. 1904இல் லண்டனுக்குப் போய் அவர் கற்பித்த முறையில் எண்ணெய் தேய்ப்பதோ, பிசைவதோ, நெட்டி எடுப்பதோ கிடையாது. ஆசிரியரின் கை பிடரியில் லேசாகப் படிந்திருக்கும். 'எழுந்திருங்கள்' என்பார், உடனே எழக் கூடாது. எழப்போகிறோம் என்ற நினைப்பிலேயே கழுத்து இறுகுமே, அதை விட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். இறுகும் அந்தக் கணத்தை ஆசிரியரின் கை நமக்குச் சொல்லிவிடும்.

கணினியில் தட்டுபவர், தையல் மிஷினில் குனிந்திருப்பவர், வயலின் வாசிப்பவர் எல்லோருக்கும் சிக்கல் இங்கேதான். ஒரு விசையைத் தட்ட விரல் அசைந்தால் போதும். ஆனால் தோள் காது வரை ஏறுகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, மௌஸை நழுவிவிடும்போல இறுக்கிப் பிடிக்கிறோம். சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலை முன்னே நீண்டு பிடரியில் தொங்குகிறது. ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை; நாளுக்கு ஆயிரம் தடவை என்றால் தசைநாண்கள் தாங்காது. லண்டன் ராயல் இசைக் கல்லூரி மாணவர்களுக்கு அலெக்சாண்டர் முறையைக் கற்றுக்கொடுப்பதில் வியப்பில்லை.

நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு, ஓராண்டு கழித்து, நான்கு வாரத்தில் வலித்த நாட்களின் இடைநிலை அளவு 21. அலெக்சாண்டர் முறையில் 24 பாடம் படித்தவர்களுக்கு அது 3. அதே ஆய்வில் மசாஜ் பெற்றவர்களுக்கு அதன் பலன் அதற்குள் பெரிதும் தேய்ந்திருந்தது.

இரவில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போனாலோ, கையிலிருந்து டம்ளர் நழுவினாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம்.

மற்றவர்கள் இன்று சாயங்காலமே தொடங்கலாம். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, தலைக்கு அடியில் இரண்டு மூன்று புத்தகங்கள் வையுங்கள். கால்மணி நேரம் கண்ணைத் திறந்தபடியே இருந்து, முதுகில் எந்தெந்த இடம் இன்னும் பாயைத் தொடவில்லை என்று மட்டும் கவனியுங்கள்.