பக்கத்துப் பள்ளிகளை எப்படி ஒப்பிடுவது?

கோடை விடுமுறை முடியும் நேரத்தில் பங்கு மக்கள் பலர் கேட்கும் கேள்வி இது: “சாமி, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்?”

தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடந்து போகும் தூரத்திலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றும், அரசு உதவிபெறும் ஆர்.சி. தொடக்கப்பள்ளி ஒன்றும் இருக்கின்றன. சில இடங்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் உண்டு. மூன்றிலும் பாடத்திட்டம் ஒன்றே. புத்தகம் விலையில்லாமல் கிடைக்கிறது. மதிய உணவும் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்திற்கும் வந்தது. ஆகவே இவற்றில் வேறுபாடு தேட வேண்டியதில்லை. புதுச் சாயம் அடித்த சுவரைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டியது, ஐந்து வகுப்புக்கும் எத்தனை ஆசிரியர்கள் என்பதே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 90 வரை மூன்று. 120 வரை நான்கு. அதற்கு மேல் 200 வரை ஐந்து. முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துவார். அவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரு வகுப்பும் தாமாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும். திறமையுள்ளவர் இதையும் அழகாகச் செய்வார். அவர் விடுப்பு எடுக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

நம் ஆர்.சி. பள்ளியிலும் இதே கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்கலாம். சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டத்தைக் காட்டி அல்ல, நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில் புனிதர் இருப்பதால் மட்டும் வாய்ப்பாடு வந்துவிடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டிலுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. 62 பேர் உள்ள பள்ளியிலிருந்து இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினாலே மூன்றாம் ஆசிரியருக்கான கணக்கு போய்விடும். மீதமுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் வேன் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள்.

பள்ளிகளை ஒப்பிடும்போது வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. “அந்தப் பள்ளி சரியில்லை” என்று ஒருவர் சொன்னால், ஆசிரியர் சரியில்லையா, அல்லது அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் காரணமா என்று திருப்பிக் கேட்க வேண்டும். நற்கருணைக்கு ஒரே வரிசையில் நிற்கிறவர்கள் பள்ளிக்கூட வாசலில் பிரிந்து போவது எனக்கு விளங்கவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சேரலாம்.

அரசுப் பள்ளி மாணவருக்கான மருத்துவப் படிப்பு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை எண்ணிச் சிலர் ஐந்து வயதிலேயே கவலைப்படுகிறார்கள். அது ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. தொடக்கப்பள்ளி எதுவானாலும் பாதிக்காது.

சேர்க்கும் முன் ஒரு காலைப்பொழுது ஒவ்வொரு பள்ளிக்கும் போய்வாருங்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் வரிசைப் பிள்ளையை மட்டும் அல்ல, கடைசி வரிசையில் இருப்பவரையும்.