கணினியின் நேரசூசி



கணினி வாங்கப் புகுவோர் முதலில் வினவுவது, "செயலியில் எத்தனை கருக்கள் உள்ளன?" என்பதேயாகும். கரு என்பது செயலியினுள்ளே தனித்து நின்று கணக்கிட வல்ல ஒரு பகுதி. கடைக்காரர் அதனைக் 'கோர்' என்பர். கருக்கள் மிகுந்தால் விளையாட்டும் விரைந்தோடும் எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. கருக்கள் எத்தனை என்பதைப் போலவே, எவ்வேலை எக்கருவுக்கு என்பதும் முதன்மையானது. அந்தப் பங்கீட்டைச் செய்வது விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையாகும்.

பாடசாலையொன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் பதினாறு பேர் இருந்தும், கணிதம் கற்பிக்க வல்லவரைப் பண்டகசாலைக் கணக்கெழுத அமர்த்தி, பயிற்சியற்றவரைப் பரீட்சை வகுப்புக்கு அனுப்பினால் பயன் யாது? நேரசூசி பிழைத்தால் ஆசிரியர் தொகை கைகொடாது. கணினியின் நிலையும் இதுவே.

விளையாட்டொன்றில் செக்கனுக்கு 60 படங்கள் திரையில் தோன்ற வேண்டுமெனின், ஒரு படத்தை ஆக்குதற்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கனே உண்டு. அதற்குள் செய்ய வேண்டிய கணக்குகள் பல, ஒன்றன் முடிவை மற்றொன்று எதிர்நோக்கி நிற்பன. ஆதலின் அவற்றைப் பல கருக்களுக்குப் பகிர்ந்தளித்தல் எளிதன்று. முதன்மையான வேலை மெதுவான கருவொன்றிற் சிக்கினால், ஏனைய கருக்கள் வாளா இருக்க, காட்சி தடுமாறும்.

இன்டெல் நிறுவனம் 2021 நவம்பரில் விற்பனைக்கு விட்ட பன்னிரண்டாந் தலைமுறைச் செயலிகளில் இச்சிக்கல் தெளிவாகப் புலப்பட்டது. அவற்றுள் ஐ9-12900கே என்பதில் விரைவுக் கருக்கள் 8, மின்சிக்கனக் கருக்கள் 8. ஓடும் வேலை எத்தகையது என்பதைச் செயலியே கவனித்து, அதே ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11க்கு உணர்த்தும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆயினும், பழைய விளையாட்டுகள் சிலவற்றிலிருந்த களவுத் தடுப்பு மென்பொருள், இருவகைக் கருக்களையும் இரு வேறு கணினிகளெனக் கருதிக் குழம்பியது. சிக்கனக் கருக்களை ஓய்வில் வைத்தபோது அவ்விளையாட்டுகள் ஓடின.

2023இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ்3டி என்னுஞ் செயலியோ இன்னும் வியப்புக்குரியது. அதன் 16 கருக்கள் எட்டெட்டாக இரு தொகுதிகளாயுள்ளன. ஒரு தொகுதிக்கு மட்டுமே, தரவுகளைக் கையருகே வைத்திருக்கும் பதுக்கு நினைவகம் மிகுதியாக உண்டு. விளையாட்டுத் தொடங்கியதை அறிந்ததும் விண்டோஸ் மற்றைத் தொகுதியை ஓய்வில் வைக்கின்றது. எட்டுக் கருக்கள் உறங்குவதாலேயே பல விளையாட்டுகள் சிறப்பாக ஓடுகின்றன!

ஆதலால், பிள்ளைகளுக்கெனப் பெரும்பொருள் செலவிடும் பெற்றோர் கருக்களின் எண்ணிக்கையை மட்டுங் கண்டு மயங்காதிருப்பாராக. வாங்கக் கருதும் செயலியை நன்கு ஆளவல்ல பணிசெயல் முறைமை எது என்பதையும் கேட்டறிக. அம்முறைமையைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்து, விளையாடும் வேளையில் வேண்டாத வேலைகளை நிறுத்துதலும் நன்று. இவற்றுக்குச் செலவு யாதுமில்லை.