லெமான் ஏரிக்கரையிலே

சுவிற்சர்லாந்தின் மேற்குப் பகுதியில் வழங்குவது பிரெஞ்சு மொழி. அங்கே பிறைச் சந்திரனைப்போல் வளைந்து கிடக்கிறது லெமான் ஏரி. ஜெனீவா ஏரி என்று நம் மாணவர்கள் பூகோள பாடத்திற் படிப்பது இதனையே. நீளம் ஏறக்குறைய 73 கிலோமீற்றர். ஆழம் 310 மீற்றர். அதன் கரையிலுள்ள நகரங்களை மூன்று நாட்களிலே கண்டு வந்தோம்.

மேற்கு முனையில் ஜெனீவா. 140 மீற்றர் உயரத்துக்குப் பீறிட்டெழும் நீர்த்தாரை தூரத்திலேயே கண்ணைக் கவர்கின்றது. ரோன் நதி ஏரியை நீங்கி வெளியேறுவதும் இந்நகரிலேதான். பாலத்தின்மேல் நின்று குனிந்து நோக்கினோம். தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது.

பதினாறாம் நூற்றாண்டிலே மதத்தின் பெயரால் பிரான்சில் துன்புறுத்தப்பட்டவர்கள் இந்நகரிற் புகலடைந்தனர். அவர்களுள் இருந்த கைவினைஞர்களின் திறமையால் இங்கு கடிகாரத் தொழில் செழித்தது. அந்நியருக்கு இடமளித்த நகரம் அதனாற் குறைந்துபோகவில்லை, வளமே பெற்றது.

ஆயினும், தான் பெற்ற பிள்ளைகளிடம் இந்நகரம் எப்போதும் அன்பாயிருந்ததில்லை. 1712 இல் இங்கே பிறந்த ரூசோவின் நூல்களை 1762 இல் இதே நகரம் தீயிலிட்டது. இன்றோ ஆற்றின் நடுவே ஒரு தீவு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் 1863 இல் உருவாகக் காரணராயிருந்த ஹென்றி டுனாண்டின் கதையும் இத்தகையதே. 1867 இல் வியாபாரத்தில் நொடித்துப்போனபின் ஊரைவிட்டு நீங்கிய அவர், மீண்டும் இந்நகரில் வாழவேயில்லை. 1901 இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்து பெற்றவரும் அவரே!

அங்கிருந்து கப்பலேறி லோசான் சேர்ந்தோம். மேட்டின்மேல் அமைந்த நகரம். இங்குள்ள தேவாலயக் கோபுரத்திலே இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை, மணிதோறும் காவலர் ஒருவர் நான்கு திசையும் நோக்கி நேரத்தைக் கூவி அறிவிக்கிறார். நகரைத் தீ விபத்திலிருந்து காக்க 1405 இல் ஏற்பட்ட வழக்கம் இது. அக்குரலைக் கேட்டபோது, உறங்குவோருக்காக விழித்திருப்பவனின் பெருமை நம் உள்ளத்திற் பதிந்தது.

மறுநாள், படிப்படியாய் மலைச்சரிவில் ஏறும் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து வெவே அடைந்தோம். ஏரியை நோக்கியபடி சார்ளி சப்ளின் சிலையாய் நிற்கிறார். 1952 இல் அமெரிக்கா அவர் திரும்பிவரும் உரிமையை இரத்துச் செய்தது. மறுவருடம் இவ்வூருக்கருகே குடியேறிய அவர், 1977 இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். உலகைச் சிரிக்கவைத்தவருக்கும் ஒரு புகலிடம் வேண்டியிருந்தது!

இறுதியாக, மொந்த்ரோவை அடுத்து நீரோரத்தில் நிற்கும் ஷியோன் கோட்டை. 1530 இல் சவோய்ப் பிரபுவினாற் சிறைப்பட்ட பொனிவார், கடைசி நான்கு வருடங்களை இதன் நிலவறையில் ஒரு தூணோடு பிணைக்கப்பட்டுக் கழித்தார். 1536 இல் விடுதலையானார். 1816 இல் இங்கு வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன், அவரைக் கவிதையில் நிலைபெறச் செய்தார்.

கோட்டைக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலேதான் ரோன் நதி ஏரியிற் புகுகின்றது. பனிமலை வண்டலைச் சுமந்து கலங்கி வருகிறது அந்நீர். ஏரியிலே அமைதியாய்த் தங்கி, வண்டல் படிந்தபின், ஜெனீவாவில் நாம் கண்டவாறு தெளிந்து செல்கிறது.

1980களிலே நம் நாட்டின் துயரத்தால் இடம்பெயர்ந்த தமிழர் பலரும் சுவிற்சர்லாந்தில் அடைக்கலம் தேடினர் என்பதை நாம் அறிவோம். கலங்கி வருவோர் தெளியச் சிறிது இடமும் காலமும் வேண்டும். அவற்றை அளிக்கும் ஊரே பேரூர் என்ற எண்ணத்தோடு கரையைவிட்டு மீண்டோம்.