டிராக் டேவுக்குப் பழைய கார்: ராஜபாளையத்திலிருந்து கோவை போய், ஓட்டி, முழுசாகத் திரும்ப எது சரிப்படும்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது அஜித் குமார் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்தார். சில நாள்களிலேயே அவருடைய அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த இரண்டு வீடியோக்களும் தமிழ்நாட்டில் எத்தனை போன்களில் சுற்றின என்று சொல்லவே வேண்டாம். "நாமளும் ஒரு நாள் டிராக்ல ஓட்டிப் பார்க்கணும்" என்ற ஆசை இப்போது சென்னை, கோவையோடு நிற்பதில்லை.

ராஜபாளையத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து வருடம் சேர்த்த பணம், மொத்தம் நான்கு லட்சம். வீட்டில் பாதி சொல்லியாயிற்று, பாதி சொல்லவில்லை. இந்தப் பணத்துக்குப் பழைய கார் ஒன்று வாங்கி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டும். எதை வாங்குவது?

டிராக் டே என்றால் பந்தயமா?

இல்லை. இதில் பரிசும் கிடையாது, முதலிடமும் கிடையாது. பந்தயத் தடத்தில் சில மணி நேரம் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கட்டணம் கட்டுகிறோம், அவ்வளவுதான். சிறு குழுக்களாகப் பிரித்து, இத்தனை நிமிடம் என்று விடுவார்கள். எங்கே முந்தலாம், கொடி காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னாடியே வகுப்பு எடுப்பார்கள். ஹெல்மெட் கட்டாயம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம்தான். கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள சென்னைத் தடம். கோவைப் பக்கம் கோஆஸ்ட் என்ற புதிய தடமும் வந்திருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து செட்டிபாளையம் ஏறக்குறைய 300 கி.மீ.; இருங்காட்டுக்கோட்டை ஐநூறைத் தாண்டும். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. காரைத் தேர்ந்தெடுப்பதில் இதுதான் பாதி முடிவைச் செய்யப் போகிறது.

"எதுக்கு அவ்வளவு தூரம்? ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு காலியாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டாலோ, வேகத்தைச் சோதித்துப் பார்த்தாலோ முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும், திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையில் அந்நேரத்துக்கு லைட் இல்லாத டிராக்டரும், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் மில் தொழிலாளியும் வருவார்கள். டிராக்கில் எதிரே யாரும் வருவதில்லை. கொடுக்கிற கட்டணம் அதற்குத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்று எதைச் சொல்வது?

வெளிநாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள்: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் வரும் இரண்டு சீட் வண்டி. எடை குறைவு, பழையது மலிவாகக் கிடைக்கும். இந்தியாவில் அதை மாஸ்டா விற்றதே இல்லை. பழைய காரை இறக்குமதி செய்யலாமா என்றால், மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது; வரியும் வண்டி விலையைத் தாண்டிவிடும். அதனால் நான்கு லட்சத்துக்கு நமக்குக் கிடைக்கும் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்பது ஊரில் எல்லோரும் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போன அதே வண்டிதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் 1980-களின் கடைசியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். பிறகு வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 காரிலும் ஸ்விஃப்ட் இன்ஜின். உள்ளூரில் பாகம் கிடைக்கிற இன்ஜினை வைத்து ஓட்டப் பழகுவது இங்கே நாற்பது வருடப் பழக்கம்.

முதலில் பார்க்க வேண்டியது பவரா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வரும். ஆனால் தேர் வீதி முனையில் திரும்புவதும், நிற்பதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலரின் கையில் இருக்கிறது. டிராக்கிலும் அதே கதைதான். நேர் ரோட்டில் யாரும் மிதிக்கலாம். வளைவுக்கு முன்னால் வேகம் குறைந்தாக வேண்டும்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 1,000 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது சுமார் 400 கிலோஜூல் ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவதற்குக் கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பம் தேவை. அடுப்பில் பல நிமிடம் ஆகும். இங்கே நான்கைந்து விநாடியில் நடக்கிறது. ஒரு சுற்றில் பல முறை, தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு சுற்று. புளியரை மலை இறக்கத்தில் லாரிகளின் பிரேக் கருகும் வாடை அடிக்குமே, அதே சூடுதான்.

இந்தச் சூட்டில் முதலில் கைவிடுவது பிரேக் ஆயில். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரிதான் கேட்கிறது. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு டிராக்கில் இறங்கினால், குழாய்க்குள் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். அந்த நேரத்தில் இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்பது பெருமைப்படுகிற விஷயமாக இருக்காது.

எனவே நான்கு லட்சத்தையும் வண்டியில் போடக் கூடாது. இரண்டரை லட்சத்தில் வண்டி முடிய வேண்டும். மீதி பிரேக் பேட், டிஸ்க், ஆயில், நான்கு டயர், கூலன்ட் ஹோஸ், ஹெல்மெட், டிராக் கட்டணம் என்று தானாகக் கரையும். மூன்றே முக்கால் லட்சத்துக்கு 'செம' வண்டி வாங்கிவிட்டுப் பழைய டயரோடு போகிறவரைவிட, சுமாரான வண்டியில் புது டயர் போட்டுப் போகிறவர்தான் அன்றைக்கு அதிக சுற்று ஓட்டுவார்.

சரி, எந்த வண்டி?

ஆசைப் பட்டியலில் முதலில் வருவது ஃபியட் அபார்த் புண்டோ. 2015-ல் வந்தது, 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஓட்ட அருமையான கார், சந்தேகமில்லை. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. சாதாரண புண்டோ பாகங்கள் ஓரளவு கிடைக்கும். அபார்த்துக்கே உரியவற்றுக்கு அலைய வேண்டும். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இது ஒத்துவராது. நல்ல நிலையில் உள்ளது நான்கு லட்சத்துக்குள் அடங்குவதும் கஷ்டம்.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ அடுத்தது. 2013-ல் வந்த 1.2 லிட்டர் மாடலில் ஏழு கியர் டிஎஸ்ஜி மட்டும்தான். அதன் உலர் கிளட்ச்சுகள் சூட்டோடு ஒத்துப்போகாதவை; கியர்பாக்ஸ் பழுதானால் வரும் பில் இந்த பட்ஜெட்டையே விழுங்கிவிடும். 2020-ல் வந்த 1.0 லிட்டர் மேனுவல் நல்ல தேர்வு, ஆனால் விலை எட்டாது.

பழைய ஹோண்டா சிட்டி விடெக் (2000-2003) இன்றைக்கும் மரியாதையுள்ள பெயர். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், சுற்ற விட்டால் பாடுகிற இன்ஜின். மாருதி எஸ்டீம் இன்னும் லேசானது, 900 கிலோவைத் தொடாது; இந்தியப் பந்தயங்களில் ஊறிய வண்டி. இரண்டுக்கும் சிக்கல் வயசு. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபதிவு வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. துரு, வற்றிப்போன ரப்பர் புஷ்கள், கிடைக்காத பீடிங் என்று சின்னச் சின்ன வேலைகள் முடியவே முடியாது. வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, வாரக் கடைசியில் கையில் கிரீஸ் ஆவதை ரசிப்பவர் என்றால் எஸ்டீமைத் தைரியமாகத் தேடலாம்.

மற்றவர்களுக்கான பதில் சலிப்பானது: மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல். 2005 முதல் 2010 வரை வந்த 1.3 லிட்டர், அல்லது அதற்குப் பின் வந்த 1.2. ஏபிஎஸ் உள்ள மாடல் கிடைத்தால் அதை விட வேண்டாம். 85 குதிரைத்திறன் சுற்றுவட்டாரம்தான். ஆனால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும், பிரேக் பேட் சனிக்கிழமை இரவு தேய்ந்தாலும் ஞாயிறு காலையில் கோவையில் கிடைக்கும், ராஜபாளையத்தில் எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி. இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் புரட்ட முடிந்தால் 2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ்: 1.0 லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன், நான்கு டிஸ்க், ஒரு டன்னுக்குக் குறைந்த எடை. அதிகம் விற்கவில்லை, அதனால் தேட வேண்டும்.

பந்தயத்துக்காகவே மாற்றிய, உள்ளே கம்பிக்கூண்டு போட்ட வண்டிகளும் விலைக்கு வரும். வேலை எல்லாம் முடிந்திருக்கும், விலையும் ஆசை காட்டும். ஆனால் அதை ரோட்டில் ஓட்ட முடியாது. கோவைக்காரர் டிரெய்லரில் பத்து கிலோமீட்டர் கொண்டுபோவார். ராஜபாளையத்துக்காரர் 300 கி.மீ. ஏற்றிப்போய், திரும்ப 300 கி.மீ. கொண்டுவர வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

"டாக்டர் ஓட்டின வண்டி பாஸ், ஒரு ஸ்க்ராட்ச் கிடையாது" என்று புரோக்கர் சொல்வார். ஸ்க்ராட்ச் இருந்தால் பரவாயில்லை. தேட வேண்டியது வெள்ளத்தையும் வெல்டிங்கையும்.

2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் வெள்ளம். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நம்ப வேண்டாம். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று கை விட்டுப் பார்க்கலாம். ஸ்டெப்னியைத் தூக்கினால் பின்னால் இடி வாங்கிய வண்டியா என்று தெரிந்துவிடும்: மடிப்பு, புது பெயின்ட், கோணலான வெல்டிங். முன்பக்கம் சேசிஸில் இந்த அடையாளம் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். போனில் சொல்லிவிட்டுப் போனால், போவதற்குள் 'வார்ம் அப்' செய்து வைத்திருப்பார்கள்; பானட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் படிந்திருந்தால் கூலன்ட் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடுவது உத்தமம். டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமலே இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

டிஎன் 84 எண் வண்டி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ அலுவலகத்திலேயே 29, 30 படிவங்களோடு பெயர் மாற்றம் முடிந்துவிடும். கடன் இருந்த வண்டி என்றால் 35-வது படிவமும் வங்கிக் கடிதமும் வேண்டும். கர்நாடகா, டெல்லி வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்டிய பிறகு வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பேனா எடுத்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பதிவுச் சான்றில் இல்லாத மாற்றங்களைச் செய்தால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிரேக் பேடையும் ஆயிலையும் தரமானதாக மாற்றுவது இந்தக் கணக்கில் வராது. இன்ஜினையே மாற்றுவது வரும்.

பலருக்குத் தெரியாத விஷயம் இன்ஷூரன்ஸ். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வழக்கமான கார் பாலிசி பொருந்தாது என்று பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும். 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' இருந்தாலும் டிராக்கில் மோதினால் செலவு கைக்காசுதான் என்று நினைத்துக்கொண்டே இறங்க வேண்டும். நொறுங்கினாலும் தாங்கக்கூடிய விலைக்கு மட்டும் வாங்கச் சொல்வது இதனால்தான். வீட்டில் சொல்லாத அந்தப் பாதியையும் சொல்லிவிட வேண்டிய இடம் இது.

அன்றைக்கு டிராக்கில் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி, வண்டியை ஆறவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும். கிளம்பும் முன் வீல் நட்டுகளை இறுக்கி, பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, பிரேக் பெடலை நான்கு முறை மிதித்துச் சோதிக்க வேண்டும். ராஜபாளையத்துக்கு இன்னும் 300 கி.மீ. இருக்கிறது.