வீங்கிய கையும் அழுத்த உறையும்



கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைசிகிச்சை அழகுக்காகத்தானே என்று எங்களைப் பலர் கேட்பதுண்டு. எப்போதும் அப்படியல்ல.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிய சகோதரிகளில் சிலருக்குக் கை வீங்கிவிடுகிறது. முதலில் தேங்குவது நிணநீர். அதைக் கட்டுப்போட்டு வடித்துவிடலாம். நாளடைவில் அங்கே கொழுப்பு பெருகும். அது கட்டுக்கு அடங்காது. விரலால் அழுத்தினால் குழி விழாத இவ்வித வீக்கத்துக்கே இந்த அறுவை ஏற்றது.

மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைத் தோலடியில் செலுத்தினால் இரத்தப்போக்கு குறையும். பின்பு சிறு துளைகள் வழியே மெல்லிய குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். உடனே கைக்கு அழுத்த உறை மாட்டப்படும்.

சுவீடன் நாட்டு மால்மோ நகரின் டாக்டர் ஹோகான் புரோர்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வில், உறை மட்டும் அணிந்தவர்களைவிட, அறுவையும் செய்துகொண்டு உறையும் அணிந்தவர்களுக்கே வீக்கம் அதிகம் குறைந்தது.

ஆனால் நிணநீர்ப் பாதை சீராவதில்லை. ஆகவே வாழ்நாள் முழுவதும், இரவும் பகலும் உறை அணிய வேண்டும்; விட்டால் வீக்கம் திரும்பும். உறையும் நாளடைவில் தளர்ந்துபோகும். இப்படிப்பட்ட ஒரு சகோதரிக்கு உதவ நினைக்கிறவர்கள், அறுவைச் செலவோடு அடுத்தடுத்த உறைகளின் செலவையும் கணக்கிட்டுக்கொள்வது நலம்.